நோன்பு மாதத்து மத்தியானச் சாப்பாடு

குசினிக் கதவைச் சாத்திவிட்டு யன்னலிலும் ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருந்தேன். வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. உள்ளே இருட்டும் புழுக்கமும். என் மகள் பரீதா பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, கொஞ்சம் தேங்காய்ப்பூ, ஓரத்தில் சம்பல். பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர், சின்னச் சாசர் ஒன்றில் மத்தியான மருந்துக் குளிசை.

பகலில் அடுப்புப் புகை கிளம்பினால் எங்கள் ஒழுங்கைச் சந்து முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குப் பயந்து விடிவதற்கு முன்பே அவித்து மூடி வைத்த கிழங்கு அது. ஆறி விறைத்துப் போயிருந்தது. எனக்கே அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"வாயத் திற" என்றேன்.

உதட்டை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். பதினைந்து வயதுப் பிள்ளை. கைக்குழந்தையாக இருந்தால் மூக்கைப் பிடித்து ஊற்றிவிடலாம்.

"நான் நோன்பு உம்மா."

"உனக்கு நோன்பில்ல. டொக்டர் சொன்னவர், வாப்பா சொன்னவர், பள்ளியில மௌலவியும் சொல்லிப் போட்டார். இன்னும் ஆரு வந்து சொல்லோணும் உனக்கு?"

"ஆரும் சொல்லட்டும். நான் மனசில உறுதியெடுத்து நிய்யத்து வச்சிட்டன். இந்த மாசம் முழுக்கப் பிடிச்சா அல்லா எனக்குச் சுகம் தருவான்."

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்கார வைக்கிறவள் நான். என் சொந்தக் குசினியில், ஒரு துண்டுக் கிழங்குக்கும் ஒரு குளிசைக்கும் முன்னால் தோற்று நின்றேன். அதற்கு முந்திய நாள்தான் அவள் தலையில் தையல் போட்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பின்கதவில் தட்டுச் சத்தம்.

"ரீச்சர், கதவத் திறங்க. நான்தான்."

சுலைஹாவின் குரல். சுலைஹா ஆர், அவள் குரலுக்கு நான் ஏன் பயந்தேன் என்று சொல்லாமல் கதவைத் திறந்தால் உங்களுக்கு விளங்காது. அவள் கொஞ்ச நேரம் வெளியிலேயே நிற்கட்டும்.

பாதையில் நடந்தது

போன கிழமை இந்தப் பத்தியில், கிண்ணியாவில் நான் பிறந்த வீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். கல்யாணம் முடித்துத் திருகோணமலை நகரத்துக்கு வந்த பிறகும் நல்லது கெட்டதற்கெல்லாம் கிண்ணியாவுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் பாலம் கிடையாது. பாதை என்று நாங்கள் சொல்லும் பெரிய தட்டையான மிதவைதான். லொறி, மாட்டுவண்டி, ஆடு, கோழி, மாப்பிள்ளை, பெண் எல்லாம் ஒன்றாக அதில் ஏறித்தான் தண்ணீரைக் கடக்க வேண்டும்.

அப்படி ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதுதான் முதல் தடவை அந்த வலிப்பு வந்தது. பாதை நடுத்தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பரீதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல் வரவில்லை. கண் ஒரு பக்கமாகச் சொருகியது. பிடித்திருந்த கை இரும்பாக இறுகியது. அடுத்த கணம் பலகையில் விழுந்து கையும் காலும் அடித்துக்கொண்டாள்.

பாதையில் நின்ற ஒரு கருவாட்டு லொறியின் சாரதி குதித்து இறங்கி, அவள் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். ஓடிப் போய் லொறிக்குள் இருந்து ஒரு ஸ்பானரை எடுத்து வரும்படி யாரையோ ஏவினான். அதை அவள் கைக்குள் திணித்தான்.

"இரும்பப் புடிச்சா வலி விட்டுரும். பயப்படாதீங்க. என்ட தம்பிக்கும் இப்பிடி வாறது."

இரும்பால் விட்டதோ, விடுகிற நேரம் வந்து விட்டதோ, வலி விட்டது. கண்ணைத் திறந்த பரீதா முதலில் பார்த்தது தன் கையில் இருந்த ஸ்பானரைத்தான். "இது ஆர்ட சாமான்?" என்று கேட்டாள். பாதையில் நின்ற எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அந்தக் கல்யாணச் சட்டையில் பட்ட கிறீஸ் கறை எத்தனை தோய்த்தும் போகவில்லை.

அந்த மனிசனின் பெயரை நான் கேட்கவில்லை. கருவாட்டு மணம் எங்கே வந்தாலும் அவனுக்காக இப்போதும் துஆ கேட்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த காரணம்

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு என்று வந்தது. ஏன் வருகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெற்ற எனக்கு மட்டும் தெரியவில்லை.

கல்யாண வீட்டுக் கண்ணூறு என்றார் கணவரின் அக்காவான என் மச்சி. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு தண்ணீரைக் கடந்ததால் கடல் ஜின் பார்த்துவிட்டது என்றாள் கிண்ணியாவில் ஒருத்தி. அளவுக்கு மிஞ்சிப் படிப்பதால் மூளை கொதிக்கிறது என்றார் எங்கள் பள்ளிக்கூட அதிபர். அந்தப் பிள்ளை கணக்கில் வாங்கும் புள்ளி எனக்குத் தெரியும், மூளை கொதிக்கிற அளவுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஓர்ஸ் ஹில்லில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த என் கணவர் மட்டும் காரணம் சொல்லவில்லை. இரவெல்லாம் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்துவிட்டுக் காலையில் கந்தோரில் போய்த் தூங்கினார்.

ஓதிய தண்ணீர் குடித்தாள். கழுத்தில் இரண்டு, இடுப்பில் ஒன்று என்று தாயத்தும் ஏறியது. நான் எதையும் மறுக்கவில்லை. ஆர் எதைச் சொன்னாலும் செய்தேன். நடுக்கடலில் கிடக்கிறவள் கையில் எட்டினதைப் பிடிப்பாள்தானே.

கடைசியில் பெரியாஸ்பத்திரியில் ஒரு யாழ்ப்பாணத்து டொக்டரிடம் போனோம். மெலிந்த, கலகலப்பு இல்லாத மனிசன். கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்தார், முழங்காலில் தட்டிப் பார்த்தார், என்னிடம் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ரயிலேற்றிக் கொழும்புக்கு அனுப்பினார். அங்கே பரீதாவின் தலை முழுக்கப் பசை பூசி வயர் ஒட்டி ஒரு மெசினில் பார்த்தார்கள். தேசிக்காயும் சீயாக்காயும் வைத்துத் தேய்த்தும் அந்தப் பசை இலேசில் போகவில்லை. "வலிப்பு வந்தாலும் பரவாயில்ல உம்மா, இந்தப் பசை வேணாம்" என்றாள்.

அந்தக் கடதாசிகளை எல்லாம் பார்த்துவிட்டு டொக்டர் சொன்னார்.

"மூளையில கட்டி இல்லை. பழைய காயம் ஒண்டும் இல்லை. ஏன் வருது எண்டு எனக்குத் தெரியேல்லை, ரீச்சர். கடைசி வரைக்கும் தெரியாமலே போகவும் கூடும். ஆனா வராமல் மறிச்சுப் பார்க்கலாம்."

தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர். எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவருக்கு விளங்கியிருக்காது. அதுவரை ஒவ்வொருவர் சொன்ன காரணத்திலும் ஒரு குற்றவாளி இருந்தாள். ஒன்று என் மகள், இல்லையென்றால் நான். இவர் ஒருவரையும் பிடித்துக் கொடுக்கவில்லை. வராந்தாவில் வந்து நின்று அழுதேன்.

குளிசை தந்ததும் எடுத்ததும்

முதலில் தந்தது சின்ன வெள்ளைக் குளிசை. வலிப்பு குறைந்தது. ஆனால் பிள்ளை நாள் முழுக்கத் தூங்கினாள். எழுப்பினால் எரிந்து விழுந்தாள். ஒரு நாள் என்னை நோக்கி அகப்பையை வீசினாள். குறி தப்பவில்லை. என் பிள்ளை அப்படிச் செய்கிறவள் இல்லை. டொக்டரிடம் போய்ச் சொன்னேன். மருந்தை மாற்றினார்.

இரண்டாவது குளிசை நாளுக்கு மூன்று. காலை, மத்தியானம், இரவு. தூக்கம் போனது, கோபம் போனது, பழையபடி அவள் பாடுவது கேட்டது. நாங்கள் மூன்று பேரும் சந்தோசமாக இருந்தோம். பிறகு பல் தீட்டும்போது இரத்தம் வந்தது. பல்லின் ஈறு, நாங்கள் சொல்லும் முரசு, வீங்கத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லுக்கு மேல் சதை இறங்கியது. கையிலும் மேலுதட்டிலும் மயிர் கறுத்தது. இது இந்த மருந்தோடு வருவதுதான், பல்லை நன்றாகத் துப்புரவாக வைத்திருங்கள் என்றார் டொக்டர். வேறு மருந்து எழுதலாம், ஆனால் இப்போது நாட்டுக்குள் வருவதில்லை என்றார். அரிசிக்கும் பாணுக்குமே வரிசையில் நின்ற காலம் அது. மருந்துக்கு எங்கே போவது?

பரீதா சிரிப்பதை நிறுத்தினாள். சிரிப்பு வந்தால் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொள்வாள். கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். வலிப்பைவிட அதுதான் என்னைக் கொன்றது.

வெளியில் நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. கிண்ணியாச் சொந்தத்துக்குள் தெரிந்தது கிண்ணியாவோடு நிற்கட்டும் என்று விட்டோம். எங்கள் ஒழுங்கையில் கேட்டவர்களுக்குத் தலைச்சுற்று என்று சொன்னோம். பெண் பிள்ளை. வலிப்பு என்ற சொல் ஒரு தடவை வாசலைத் தாண்டினால் பிறகு அந்த வாசலுக்கு மாப்பிள்ளை வீட்டார் வர மாட்டார்கள். நானும் அவரும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தோம்.

நோன்பு மாதம் வந்து எங்கள் கட்டை அவிழ்த்துவிட்டது.

பைப்படியில்

முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்கு நோன்பு மாதம் விடுமுறை. நானும் பரீதாவும் வீட்டில். அவள் நோன்பு பிடிக்கக் கூடாது என்பது முன்பே முடிவான கதை. மத்தியானச் சாப்பாட்டைக் குசினியில் வைத்துவிடுவேன். நோன்போடு இருக்கும் எனக்கு முன்னால் சாப்பிட வெட்கமாக இருக்கிறது, நீங்கள் முன்னறைக்குப் போங்கள் என்றாள். நானும் போய்விடுவேன். திரும்பி வந்தால் கோப்பை கழுவிக் கவிழ்த்திருக்கும்.

"குளிசை போட்டியா?"

"போட்டன் உம்மா."

பொய் இல்லை. போட்டுத்தான் இருந்தாள். மூன்றையும் சேர்த்து, விடியற்காலையில் நாங்கள் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பும்போதே போட்டிருந்தாள். பகலில் வாயில் ஒன்றும் படக்கூடாது, குளிசையும் விடக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் அவள் கண்டுபிடித்த வழி அது. நோன்பு பிடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் இப்படி ஒரு புத்தி போகும்.

காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாக்குக் குழறியது. "உம்மா, சுவரில பல்லி ரெண்டாத் தெரியுது" என்றாள். ஸஹருக்கு எழும்பிய தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் முற்பகலில், ஒழுங்கைப் பொதுப் பைப்படியில், வாளியோடு வரிசையில் நின்றவள் விழுந்தாள். சீமெந்துக் கட்டில் தலை அடிபட்டது. ஒழுங்கைப் பெண்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். நான் ஓடிப் போனபோது சுலைஹா தன் வாளியைப் போட்டுவிட்டுப் பரீதாவின் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தாள். பரீதாவின் கைக்குள் இரும்புச் சாவிகள் கோத்த ஒரு திறப்புக் கோர்வை இருந்தது. சுலைஹா வீட்டுத் திறப்பு.

தையல் போட்டுக்கொண்டே டொக்டர் கேட்டார். அவரிடம்தான் பரீதா உண்மையைச் சொன்னாள்.

"மூண்டு நேரம் எண்டு நான் சொன்னது, நாள் முழுக்க உடம்பில மருந்து ஒரே மாதிரி நிக்க வேணும் எண்டுதான், பிள்ளை" என்றார். "நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை. வலி தேடி வரும்."

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்த முறை தலை மட்டும். அடுத்த முறை அடுப்பில விழுந்தா? வலி நிக்காமல் தொடர்ந்து வந்தா உயிரே போகும், ரீச்சர். மத்தியானம் சாப்பிட வையுங்கோ. எப்பிடியாவது."

எப்படியாவது. அதுதான் மறுநாள் அந்தக் குசினியில் என் வேலை.

சுலைஹா உள்ளே வந்தாள்

இனிக் கதவைத் திறக்கலாம்.

சுலைஹா வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. அவள் ஒழுங்கையில் நின்று பேசினால் உள்துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குக் கேட்கும். அவளுடைய ஆடு ஒரு தடவை எங்கள் வேலிக் கடப்பால் வந்து, நான் திருத்துவதற்காக வைத்திருந்த பரீட்சைத் தாள்களைத் தின்றுவிட்டது. அதில் தொடங்கிய சண்டையில் நாங்கள் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசி நெடுங்காலம். நேற்று பைப்படியில் எல்லாவற்றையும் பார்த்தவள் அவள். இந்த நேரத்துக்குள் ஊர் முழுக்கக் கதை போயிருக்கும் என்றுதான் நான் நினைத்தேன்.

கதவைத் திறந்தேன். முக்காட்டுக்குள் எதையோ மறைத்துப் பிடித்தபடி உள்ளே வந்து, கதவைத் தானே சாத்தினாள். மறைத்ததை வெளியே எடுத்தாள். ஒரு கோப்பை. உள்ளே ஒரு துண்டுப் பாணும் மீன் ஆணமும்.

"எனக்கு இண்டைக்கு நோன்பில்ல ரீச்சர். வீட்டில ஆம்பிளப் புள்ளைகளுக்கு முன்னால வச்சுத் திங்க ஏலாது. உங்கட குசினிதான் நல்ல இருட்டா இரிக்கு. தள்ளி இரு புள்ள."

பெண்களுக்குத் தொழுகையும் நோன்பும் இல்லாத நாட்கள் மாதத்தில் உண்டு. நோன்பு மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் எல்லோரும் இப்படித்தான், கதவுக்குப் பின்னால், சத்தமில்லாமல் சாப்பிடுவோம். வீட்டு ஆண்கள் தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார்கள். நானும் எத்தனையோ தடவை அலுமாரிக்குப் பின்னால் நின்று பாண் கடித்திருக்கிறேன். அதை இன்னொருத்தி வீட்டில் வந்து உட்கார்ந்து செய்கிறவளை அன்றுதான் பார்த்தேன்.

சுலைஹா பாணைப் பிய்த்து ஆணத்தில் தோய்த்தாள். குசினி முழுக்க மணந்தது. நோன்போடு நின்ற எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. பரீதா கடைக்கண்ணால் பார்த்தாள்.

"சாச்சி, நோன்ப விடுறது உங்களுக்குக் கவலையில்லையா?"

"எதுக்குக் கா கவல? பிடி எண்டவனும் அவன்தான், இந்த நாளில பிடிக்காத எண்டவனும் அவன்தான். இல்ல, நான் பிடிச்சுத்தான் தீருவன் எண்டு நிண்டா அது நோன்பா? என்ட பிடிவாதம்."

"உங்களுக்குக் கொஞ்ச நாள்தானே. எனக்கு முழு மாசமும்."

"எனக்குக் கொஞ்ச நாள்தான் லீவு தந்தவன். உனக்கு மாசம் முழுக்கத் தந்திருக்கான். கோவப்படோணும் எண்டா நானெல்லா கோவப்படோணும்?"

சுலைஹா இன்னொரு வாய் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஆனா ஒண்டு. நீ இனி ஒழுங்காச் சாப்பிட்டா என்ட ஆட்டுக்குத்தான் நட்டம். நோன்பு தொடங்கின நாளில இருந்து வேலிக்குள்ளால ஆரோ மரவள்ளிக்கிழங்கு குடுத்துக் குடுத்து அது எருமக்கண்டு மாதிரி வந்திட்டு."

கழுவிக் கவிழ்த்த கோப்பைகளின் கதை எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் மகளைப் பார்த்தேன். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்த மறந்து, வீங்கிய முரசு தெரிய, தையல் போட்ட தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுலைஹா தன் ஆணக் கோப்பையை அவள் பக்கம் தள்ளினாள். பரீதா ஒரு துண்டுக் கிழங்கை எடுத்து அதில் தோய்த்தாள்.

குளிசையும் உள்ளே போனது. நான் முன்னறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

நேற்று நடந்ததைப் பற்றிச் சுலைஹா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. திறப்புக் கோர்வையை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

இருட்டுக் குசினியில் ஆட்கள் கூடியது

சுலைஹா அவளுடைய நாட்கள் முடியும் மட்டும் வந்தாள். "நாளைக்கு நான் குளிச்சிருவன். றஹ்மா வருவா" என்று சொல்லிவிட்டுப் போனாள். றஹ்மா பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியாதவள். குழந்தையைப் பரீதாவின் மடியில் போட்டுவிட்டுச் சாப்பிட்டாள். றஹ்மாவுக்குப் பிறகு மாசமாக இருந்த ஒருத்தி மாங்காயும் உப்புமாக வந்தாள். அதற்குப் பிறகு இன்னொருத்தி. எனக்கும் அந்த மாதத்தில் என்னுடைய நாட்கள் வந்தன, நானும் மகளோடு உட்கார்ந்து தின்றேன். ஓர் ஒழுங்கையில் எந்த நாளை எடுத்தாலும் நோன்பில்லாத பெண் ஒருத்தியாவது இருக்கிறாள். இத்தனை வருசம் அங்கே குடியிருந்தும் நான் அதை யோசித்ததில்லை.

அந்தக் கப்பலுக்குக் கேட்கிற குரல் இதையெல்லாம் எப்படி ஒழுங்கு செய்தது, எவருடைய காதில் என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. ஒரு ஆம்பிளைக்கும் கதை போகவில்லை. அது எனக்குத் தெரியும். ஒரு நாள் மத்தியானம் என் கணவர் எதையோ எடுப்பதற்குக் கந்தோரில் இருந்து வந்தவர், சாத்திய குசினிக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டுத் தட்டினார்.

"உள்ள என்ன நடக்குது?"

"பொம்பிளையள்ட வேல" என்றேன்.

மனிசன் நல்லவர். வந்த காரியத்தையும் மறந்து சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

எல்லோர் வீட்டிலும் பஞ்சம். ஒருத்தியும் வெறுங்கையோடு வரவில்லை. அவரவர் வீட்டில் இருந்ததை மூடிக்கொண்டு வந்தார்கள். கோப்பைக்குக் கோப்பை மாறியது. மருந்துக்கு முரசு வீங்குகிறது என்று கேட்டு ஒருத்தி உப்பும் கராம்பும் கொண்டு வந்தாள். பரீதா அவர்களோடு வாய்விட்டுப் பேசினாள். என்னிடம் சொல்லாததை எல்லாம் அவர்களிடம் சொன்னாள் என்று நினைக்கிறேன். நான் ஒட்டுக் கேட்கவில்லை. கேட்க முயன்றேன், சரியாகக் கேட்கவில்லை.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். சில வருசம் கழித்து வேறு மருந்து வந்தது. முரசு வற்றியது. வலிப்பு வர வரக் குறைந்து ஒரு நாள் நின்றது. ஏன் வந்தது என்று இன்றுவரை தெரியாது, ஏன் போனது என்றும் தெரியாது. அந்த டொக்டர் இருந்திருந்தால் அதற்கும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார். வலிப்பு என்ற சொல் வாசலைத் தாண்டியும் மாப்பிள்ளை வந்தார். பரீதா கிண்ணியாவில் பிள்ளை குட்டியோடு இருக்கிறாள். அவள் பிள்ளைகளை அதட்டுவதைக் கேட்டால் நான் அதட்டியது எல்லாம் ஒன்றுமே இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மாதத்தின் கடைசிப் பக்கத்தில் நடந்த ஒன்று.

ஆமினா மாமி

அன்றைக்குக் காலையில் சுலைஹா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னாள். "ரீச்சர், இண்டைக்கு ஒருத்தரும் இல்ல. எல்லாரும் நோன்பு. நீங்களே எப்பிடியாவது சமாளிங்க."

தனியே விட்டால் பழையபடி வாயை இறுக்கிக்கொள்வாளோ என்ற பயம் எனக்குப் போயிருக்கவில்லை. அந்த நிய்யத்தை அவள் கைவிட்டாளா, எங்களுக்காகச் சும்மா இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஆமினா மாமி.

ஆமினா மாமி ஒழுங்கை முகப்பில் தனியாக இருந்தவர். ஐம்பது தாண்டியவர், கணவர் மௌத்தாகிப் பல வருசம். பெண்களுக்கு வரும் அந்த நாட்கள் எல்லாம் அவருக்கு எப்போதோ நின்று போனவை. நோன்பு மாதம் மட்டுமில்லை, வருசம் முழுக்கத் திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கிறவர். பிள்ளைகள் உரத்துச் சிரித்தால் முறைப்பார். எங்கள் குசினிக்குள் கேட்ட சிரிப்புக்குச் சண்டை பிடிக்கத்தான் வந்தார் என்று நினைத்தேன்.

கையில் மூடிய கோப்பை இருந்தது.

"எனக்கு ரெண்டு நாளா நெஞ்செரிச்சல், ரீச்சர். நோன்பு பிடிக்க ஏலாமக் கிடக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "புள்ளயோட இருந்து ரெண்டு வாய் திங்கட்டா?"

நான் வழிவிட்டேன். பலகையைக் கொடுத்தேன், வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தார். பரீதா தன் கோப்பையோடு அவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல முன்னறைக்குப் போய்விட்டேன். மாமி தன்னுடைய கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. மூதூரில் இருந்து லோஞ்சுப் படகில் வந்தபோது மாப்பிள்ளை வழி நெடுக வயிற்றைப் பிரட்டிச் சத்தியெடுத்தாராம். பரீதா சிரிக்கும் சத்தம் கேட்டது. மாமி முறைத்த மாதிரித் தெரியவில்லை.

அன்றைக்குச் சீக்கிரமாக முடிந்துவிட்டது. மாமி கோப்பையை மூடி முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு, வாறன் ரீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் குசினிக்குள் போனேன். சாசரில் குளிசை இல்லை. பரீதா தன் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியா?"

"ஓம் உம்மா. முழுக்க."

"மாமி நல்லாச் சாப்பிட்டாவா? பாவம், நெஞ்செரிச்சலாம்."

அவள் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மாமி ஒரு துண்டும் வாயில வைக்கல்ல உம்மா. கிழங்கப் பிச்சுப் பிச்சுப் பிசைஞ்சு கொண்டு இருந்தா. நான் குனியிற நேரம் வாய அசைப்பா. அவ நோன்பு. தண்ணிக்கும் உதடு காஞ்சு போயிருந்தது."

நாள் முழுக்கப் பட்டினி கிடக்கிற மனிசி, அந்த வெயிலில், தன் வீட்டுச் சாப்பாட்டைத் தானே சுமந்து வந்து, என் பிள்ளை தனியாகத் தின்னக்கூடாது என்று அதைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"தெரிஞ்சும் நீ ஏன் ஒண்டும் சொல்லாம இருந்தாய்?"

"சொன்னா மாமி திண்டிருவா உம்மா" என்றாள் பரீதா. "எனக்காக நோன்ப முறிச்சிருவா. அதான் காணாத மாதிரி இருந்து, கெதியாத் திண்டு, குளிசையும் போட்டு முடிச்சன். அவ வீட்ட போகட்டும் எண்டு."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேன். அவளை இழுத்து என்னோடு அணைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.